ஆங்கில நாட்டுச் சின்னத்திரையில் காணத்தக்கவை

(சயானில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

சிலம்பின் சிறப்பையும் குறளின் பெருமையையும் கேட்டுப் பழகிய இந்த மேடையில், ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒருவன் பேச வந்திருக்கிறானே என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். வெள்ளையர் ஆட்சி போய் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் அவர்கள் வீட்டுக் கூத்து நமக்கெதற்கு என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டு நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டுமே உள்ள வீட்டில் நால்வர் இருக்கிறோம். நால்வர் கையிலும் நான்கு திரைகள். பாட்டி ஒரு கதையில் அழுகிறார், பேரன் ஒரு விளையாட்டில் கத்துகிறான், மருமகள் காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு தனியே சிரிக்கிறாள். இடம் குறுகிய இந்நகரில் உள்ளங்களும் தனித்தனி அறைகளாய்ப் பிரிந்துவிட்டன. நால்வரும் ஒரு திரையின் முன் அமர்ந்து, பார்த்து முடித்த பிறகு ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளத்தக்க கதைகள் எங்குள்ளன என்று தேடியபோதுதான் ஆங்கில நாட்டுத் தொடர்கள் சில என் கண்ணிற் பட்டன.

அவற்றின் முதற் சிறப்பு அளவு. அவர்கள் நாட்டில் ஐம்பது ஆண்டுகளாகப் போற்றப்படும் 'ஃபால்டி டவர்ஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரில் மொத்தம் எத்தனை பகுதிகள் தெரியுமா? 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, ஆகப் பன்னிரண்டு. அதோடு ஆசிரியர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். நம் 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கு மேல் ஓடிற்று. இதைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. அயல்மொழி நகரில் நாள் முழுதும் தனித்திருக்கும் முதியவருக்கு மாலையில் தமிழ்க் குரல் கேட்பதே ஒரு மருந்து என்பதை நான் அறிவேன். ஆயினும் ஆறு ஆண்டுகள் ஓடும் கதையில் தீமைக்கு முடிவே இராது. முடிவு வந்தால் தொடர் நின்றுவிடும், தொடர் நின்றால் விளம்பரம் நின்றுவிடும். ஆங்கில நாட்டிலோ பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் முழுக் கதையையும் எழுதுகிறார். ஒரு மனிதரின் கை எவ்வளவு எழுதுமோ அவ்வளவே கதை. நமக்கும் இப்பழக்கம் புதிதன்று. தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரம் என்பதே ஒரு தொடருக்கு வழக்கமான கணக்காயிருந்தது.

இனி, இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் பார்க்க வேண்டும் என்று நான் கருதும் தொடருக்கு வருகிறேன். அது 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்பது. பேட்ஸ் என்னும் தனி மனிதருக்கும் தபால் நிலையத்துக்கும் நடந்த வழக்கு என்று பொருள். 2024 சனவரி முதல் நாள் தொடங்கி நான்கு இரவுகள் ஐ.டி.வி. நிறுவனம் ஒளிபரப்பியது. எழுதியவர் க்வினெத் ஹியூஸ் என்ற பெண்மணி. உண்மையில் நடந்த நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்ட கதை.

அந்நாட்டில் கிளைத் தபால் நிலையங்கள் பல, மளிகைக் கடைகளின் ஒரு மூலையில் நடப்பவை. கடைக்காரரே தபால் அதிகாரி. ஒப்பந்த முறையில் வேலை. 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறிக் கணக்குமுறை அங்கே புகுத்தப்பட்டது. அம்முறையில் பிழைகள் இருந்தன. மாலையில் கணக்கை முடித்தால், பெட்டியில் இல்லாத பணத்தை 'இருக்க வேண்டும்' என்று கணிப்பொறி காட்டிற்று. குறையும் பணத்தைக் கடைக்காரரே ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். சேமிப்பைக் கொட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள், உறவினரிடம் கைநீட்டினார்கள். உதவி கேட்டு அழைத்தவர்களிடம் 'உங்கள் ஒருவருக்கு மட்டுமே இப்படி நேர்கிறது' என்று சொல்லப்பட்டது. ஒவ்வொருவரும் தம்மையே ஐயுற்றார்கள். 2015 வரையிலான காலத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். இவர்களுள் இந்திய வழியினர் பலர். பிழைக்கப் போன ஊரில் மூலைக்கடை வைத்து, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை உழைத்து, 'நேர்மையானவர்கள்' என்ற ஒரு பெயரையே முதலாகக் கொண்டு வாழ்ந்த குடும்பங்கள் அவை. அந்தப் பெயர் ஒரே நாளில் பறிபோயிற்று.

நெல்லைச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்த நம் முன்னோர், தோல் பதனிடும் தொழிலிலும் ஆலையிலும் வேலை பார்த்துக் கிடைத்த கூலியில் ஊருக்கு மணியார்டர் அனுப்ப வரிசையில் நின்றவர்கள். தபால் நிலையம் என்றால் அவர்களுக்குக் கோயிலுக்கு அடுத்தபடி. அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன நேரும் என்பதை இத்தொடரைப் பார்க்கும் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஜோ ஹாமில்டன் என்னும் நாட்டுப்புறக் கடைக்காரி, கணக்கில் பணம் குறைகிறதென்று தொலைபேசியில் உதவி கேட்கிறார். மறுமுனையிலிருப்பவர் 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்கிறார். அழுத்துகிறார். குறைந்த தொகை கண்ணெதிரே இரட்டிப்பாகிறது! மோனிக்கா டோலன் என்ற நடிகையின் முகத்தில் அப்போது எழும் திகைப்புக்கு இசையும் வேண்டியதில்லை, மும்முறை திருப்பிக் காட்டும் உத்தியும் வேண்டியதில்லை. மற்றொரு காட்சியில் ஆலன் பேட்ஸ், 2009-இல், ஃபென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் பொதுக் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். யாராவது வருவார்களா என்பது தெரியாது. ஒருவர் வருகிறார், இருவர் வருகிறார்கள், பிறகு கார்கள் வந்து நிற்கின்றன. 'எனக்கு மட்டும்' என்று எண்ணி வந்தவர்கள் அந்தக் கூடத்தில்தான் தம்போன்ற மற்றவர்களைக் கண்டார்கள். சங்கம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அங்கே பிறந்தது.

அதன் பின் நடந்ததும் வியப்பானது. 2019-லேயே உயர் நீதிமன்றம் கணிப்பொறியின் பிழையை ஏற்றுத் தீர்ப்பளித்துவிட்டது. 2021-இல் முப்பத்தொன்பது பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிற்று. செய்தித்தாள்களும் எழுதியிருந்தன. ஆயினும் நாடு அசையவில்லை. தொடர் முடிந்து ஒரு வாரத்துக்குள், அப்போது பிரதமராயிருந்த ரிஷி சுனக், எல்லாருடைய தண்டனைகளையும் ஒருங்கே நீக்கச் சட்டம் வரும் என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். 2024 மே மாதத்தில் அச்சட்டம் நிறைவேறிற்று. தீர்ப்பு அறிவைத் தொட்டது, நாடகம் உள்ளத்தைத் தொட்டது என்று இதைச் சொல்லலாம். ஆனால் இருபதாண்டுகள் விடாமல் கடிதம் எழுதிய பேட்ஸ் இல்லாமல் நாடகமும் இல்லை. நாடகம் சட்டம் செய்தது என்று மட்டும் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது 'அடோலசென்ஸ்' என்பது. வளரிளம் பருவம் என்று பொருள்படும். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வந்த இதற்கும் நான்கே பகுதிகள். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை, உடன் பயிலும் மாணவியைக் கொன்றான் என்ற குற்றச்சாட்டின்பேரில், விடியற்காலையில் காவலர் கதவை உடைத்து வந்து கைது செய்கிறார்கள். யார் செய்தது என்னும் துப்பறியும் கதையன்று இது. ஏன் செய்தான் என்பதே கேள்வி. ஒவ்வொரு பகுதியும் தொடக்கம் முதல் இறுதி வரை வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் படமாக்கப்பட்டது. கேமரா கண்ணை மூடாததால் நாமும் மூட முடிவதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இரண்டாம் பகுதி. விசாரணை செய்யும் காவல் அதிகாரி பள்ளிக்குச் செல்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. அப்பள்ளியிலேயே படிக்கும் அவர் மகன் அவரைத் தனியே அழைத்து, கைப்பேசியில் மாணவர்கள் இட்டுக்கொள்ளும் சின்னஞ்சிறு வண்ணப் படங்களுக்கு என்னென்ன பொருள் என்று பாடம் சொல்கிறான். தந்தைக்கு நட்பின் அடையாளமாகத் தெரிந்தது, உண்மையில் ஏளனம்! நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் மராட்டியும் பேசுகிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். ஐந்தாவது மொழி ஒன்று அவர்கள் கையில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அதில் நமக்கு அரிச்சுவடியும் தெரியாது. 'வெளியே சுற்றாமல் வீட்டில்தானே இருக்கிறான்' என்று நிம்மதி கொள்ளும் தாய் இங்கும் உண்டு. அந்தக் கதையின் பெற்றோரும் அப்படித்தான் நிம்மதி கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். தந்தை குழாய் செப்பனிடும் தொழிலாளி. அந்த வேடத்தை ஏற்ற ஸ்டீபன் கிரகாம் இத்தொடரை எழுதியவர்களுள்ளும் ஒருவர். சிறுவனாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுவே முதல் நடிப்பு. பதினைந்து வயதில் 2025-இன் எம்மி விருதைப் பெற்றான். அப்போது பிரதமராயிருந்த ஸ்டார்மர் தம் பிள்ளைகளோடு அமர்ந்து இதைப் பார்த்ததாகச் சொன்னார். பள்ளிகளில் கட்டணமின்றிக் காட்டவும் ஏற்பாடாயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு பார்க்கலாமா என்று கேட்பீர்கள். முதலில் பெற்றோர் இருவரும் பாருங்கள். பிறகு பதினைந்து வயது ஆனவர்களோடு பாருங்கள், பக்கத்தில் அமர்ந்து.

காவல் துறைக் கதைகளில் 'ஹாப்பி வேலி' ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். மகளை இழந்த ஒரு பெண் காவலர், மகளின் சாவுக்குக் காரணமானவனுக்குப் பிறந்த பேரனைத் தாமே வளர்க்கிறார். பேரன் யாருடைய குணத்தோடு வளர்வான் என்ற அச்சமே கதையின் உயிர். 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் இரு பருவங்கள் வந்தன. மூன்றாம் பருவத்துக்கு ஆசிரியை சாலி வெயின்ரைட் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். அந்தச் சிறுவனாக நடித்த பையனே வளர்ந்து இளைஞனாக வேண்டும் என்பதற்காக. பதினெட்டுப் பகுதிகளில் கதை முடிந்தது. கொடுமையான காட்சிகள் உள்ளன. பெரியவர்களுக்கு மட்டும் உரியது.

நகைச்சுவைக்கு வருவோம். 'எஸ் மினிஸ்டர்' நம் பெரியவர்கள் பலர் அறிந்தது. அமைச்சர் ஆளுகிறார் என்று நாடு நம்புகிறது. செயலாளர் 'ஆகட்டும் அமைச்சரே' என்று சொல்லியே அவரை ஆட்டி வைக்கிறார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்போடு பெருமூச்சும் வரும். 2001-இல் ஃபாரூக் ஷேக் நடிக்க 'ஜீ மந்த்ரீஜீ' என்று இந்தியிலும் வந்தது. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், மூலமே சிறந்தது என்பேன்.

'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்பது 1977-இல் தொடங்கியது. லண்டன் இரவுப் பள்ளியில் அயல்நாட்டார் ஆங்கிலம் கற்கும் கதை. இதுவும் 1993-இல் 'ஜபான் சம்பால்கே' என்று நம் நாட்டுக்கு வந்தது. சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் பிறமொழிக்காரரின் உச்சரிப்பே அதில் சிரிப்பின் மூலதனம். இந்நகரில் 'மதராசி' என்று கேலி பேசப்பட்ட தலைமுறை இந்த அவையில் இருக்கிறது. பேருந்தில் நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் திரையில் சீக்கியரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும் ஒரே இனம்தான். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கு மாறாக ஒரு தமிழரைச் சொல்லி முடிக்கிறேன். ரோமேஷ் ரங்கநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். கணக்கு ஆசிரியராயிருந்து நகைச்சுவையாளரானவர். 'அவாய்டன்ஸ்' என்ற தொடரில் சண்டைக்கு அஞ்சி எதிலிருந்தும் நழுவுகிற ஒரு தந்தையாக நடித்திருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது 2015-இல் வந்த 'ஏஷியன் ப்ரொவோகேட்டர்'. தன் வேர் தெரியாத பிள்ளையை அவர் தாயார் இலங்கைக்கு அனுப்பி வைக்கிறார்; உறவினர் நடுவே அவர் படும் பாடே கதை. அத்தாயார் நடிகையல்லர், சொந்தத் தாயாரே. மகன் எவ்வளவு புகழ் பெற்றாலும் அதட்டுவதை நிறுத்தாத அந்த அம்மாவை, இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் நான் பார்த்திருக்கிறேன். இங்கே உச்சரிப்பைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. சொந்த ஊருக்கே விருந்தாளியாய்ப் போன தன்னைக் கண்டு அவரே சிரித்துக்கொள்கிறார். கோடை விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துச் சென்றால் மூன்றாம் நாளே 'எப்போது திரும்புவோம்' என்று கேட்கும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து இதைப் பாருங்கள்.

ஆங்கிலம் விளங்குமோ என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். யார்க்‌ஷயர் பேச்சு ஆங்கிலம் நன்கு கற்றவர்க்கே எளிதில் பிடிபடாது. திரையின் அடியில் எழுத்து ஓடச் செய்து பாருங்கள். வேண்டுமிடத்தில் நிறுத்தி, பிள்ளைகளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தமிழும் உங்களுக்கு ஆங்கிலமும் சிறிது கூடும்.