விதியும் வழக்கும்



கட்டுரை எழுதக் கற்பிக்கும் வகுப்புகளில் அடிக்கடி நிகழும் காட்சி ஒன்று உண்டு. ‘இது என் ஊர் அல்ல’ என்று மாணவி ஒருத்தி எழுதுகிறாள். ஆசிரியரின் சிவப்பு மை ‘அல்ல’ என்பதை அடித்துவிட்டு ‘அன்று’ என்று திருத்துகிறது. ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. இலக்கணப்படி திருத்தம் சரியே. “நாளிதழில் எல்லாம் அல்ல என்றுதானே வருகிறது, அம்மா?” என்று மாணவி கேட்கிறாள்.

‘இலக்கணம் அப்படி’ என்பது இதற்கு விடையாகாது. இலக்கணமே ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. அகர, ஐகார, ஔகாரங்களோடு கூடிய சகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியம். அவ்விதியைக் கொண்டு திருத்தினால் சட்டி, சந்தை, சண்டை அனைத்தும் சிவப்பு மைக்கு இரையாகும். பிற்காலத்தே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நாவில் நிலைபெற்றுவிட்ட அச்சொற்களை விலக்கவில்லை, விதியை விரித்தார். பன்னீருயிரோடும் சகரம் மொழிமுதலாகும் என்றார்.

‘உண்டு’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் நெருக்கமானது. அஃறிணை ஒருமைக்கே உரியதாயிருந்த அச்சொல்லை, வழக்கு மற்றப் பால்களுக்கும் கொண்டு சென்றது. நன்னூல் அதனை வேறு, இல்லை என்பவற்றோடு சேர்த்து ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாக்கியது. அன்று ‘உண்டு’ சென்ற வழியில் இன்று ‘அல்ல’ செல்கிறது. பழையன மறைவதும் புதியன நுழைவதும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமாகா என்று சொல்லதிகாரத்தின் முடிவில் உரைத்தவரும் அவரே.

அவ்வாறாயின் எழுதியதெல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கிடைக்கிறது; ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் படைக்கருவி கைக்கு வருகிறது. ஓர் ஒற்றெழுத்துத்தான் வேறுபாடு. அதனை விட்டால் பொருளே மாறும். ஆகவே, விட்டால் பொருள் கெடும் விதி எது, விட்டால் பழக்கம் மட்டுமே மாறும் விதி எது என்று பிரித்தறியக் கற்பிப்பதே எழுத்து வகுப்பின் முதற்கடமை.

இப்பிரிவினை அறியாத சிவப்பு மையினால் விளையும் இழப்பு பெரிது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறிய பிள்ளை, தாள் முழுதும் சிவந்திருக்கக் கண்டால் மறுமுறை தன் வாக்கியத்தை எழுதத் துணியாது. துணைநூலை நெட்டுருச் செய்து ஒப்பிக்கும். அத்தாளில் பிழை இராது, பிள்ளையும் இராது.

கவிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. தளை தட்டுவதைத் தெரிந்தே செய்வது வேறு; தெரியாமல் செய்வது வேறு. விதியை மீறும் உரிமை, அதன் வரலாற்றை அறிந்தவர்க்கே முழுமையாக வாய்க்கும்.

எனவே அம்மாணவியின் தாளில் ‘அல்ல’ என்பதை அடிக்க வேண்டுவதில்லை. அருகில் ‘அன்று’ என்று எழுதி, தேர்வில் எது மதிப்பெண் பெறும், வழக்கில் எது வாழ்கிறது, ஏன் என்னும் மூன்றையும் சொன்னால் போதும். அடித்தல் எளிது; அருகில் எழுதுதலே ஆசிரியப்பணி.