வாழைப்பழத்தில் விதை எங்கே?

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசு என்று சொன்னால் யாருக்குமே கொஞ்சம் பயம் வரும். இலையில் வைத்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அந்தப் பழத்தைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். மேசையில் ஒரு சீப்பு கற்பூரவள்ளி இருக்கிறது. அது கடைசியில்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஏழாம் வகுப்பில் கனி, விதை பாடம். கனிக்குள் விதை இருக்கும், விதையிலிருந்து புதிய செடி வரும் என்று கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினேன். ஒரு மாணவி எழுந்து, "சார், வாழைப்பழத்துல விதையே இல்லையே?" என்றாள். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அந்த வயதில் இல்லை. "குறுக்கே வெட்டிப் பார், நடுவில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கும், அதுதான் விதை" என்றேன். "எங்கப்பா கன்னுதான் வைப்பாரு சார், விதை போட்டு நான் பார்த்ததே இல்ல" என்றாள். அவர் சௌகரியத்துக்காக அப்படிச் செய்கிறார் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கொட்டாங்குச்சியில் மண்ணோடு வந்து நின்றாள். "தெனமும் தண்ணி ஊத்துறேன் சார், முளைக்கல." விதை சொத்தையாக இருக்கும், வேறு பழத்திலிருந்து எடுத்துப் போடு என்றேன். அவளும் போட்டாள். அந்த இரண்டாவது கொட்டாங்குச்சி இன்றுவரை என்னை விடவில்லை.

அந்தக் கறுப்புப் புள்ளிகள் விதைகள் அல்ல. விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள். எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றினாலும் அவை முளைக்காது. மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் இல்லாமலே சூல்பை சதைப்பற்றாகி விடுகிறது. கருவுறாக் கனி என்று நாம் ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சொல்லிக் கொடுப்போமே, அதுதான்.

அப்படியானால் முதல் வாழை எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி இது. நான் இடம் கொடுக்கவில்லை.

காட்டு வாழையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. பழத்தைப் பிளந்தால் மிளகைவிடப் பெரிதாக, கல்லைப் போன்ற கறுப்பு விதைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சதை என்று சொல்ல அந்த விதைகளுக்கு இடையில் ஒட்டியிருக்கும் கொஞ்சம்தான். வௌவாலும் குரங்கும் தின்று விதையைப் பரப்பும். நாம் இன்று தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு காட்டு இனங்கள் மூதாதையர். ஒன்று மூசா அக்குமினேட்டா; மலேசியா, இந்தோனேசியா, நியூகினி பக்கம் பல உள்வகைகளாகப் பரவிக் கிடப்பது. இன்னொன்று மூசா பால்பிசியானா. இந்தியாவிலிருந்து தென்சீனா, பிலிப்பைன்ஸ் வரை காணப்படும் முரட்டு இனம், வறட்சியையும் தாங்கும்.

பப்புவா நியூகினியின் மலைநாட்டில் கூக் என்றொரு சதுப்பு நிலம். அங்கே ஏறக்குறைய 6,500 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் மண்ணை மேடு கட்டி வாழை வளர்த்ததற்குச் சான்று கிடைத்திருக்கிறது. வாழை மட்கிப்போகும், மிஞ்சுவதற்கு மரக்கட்டையும் இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாழை இலையின் செல்களில் சிலிக்கா படிந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாகும். இலை மட்கினாலும் துகள் மண்ணில் கிடக்கும், அதன் வடிவத்தை வைத்து வாழை என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும். வாழை இலையில் சாப்பிடுகிற ஊரில் இதைச் சொன்னால் பிள்ளைகள் இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்கள்.

விதை நிறைந்த அந்தப் பழத்துக்காகத்தான் மனிதர் முதலில் வாழையை வீட்டருகே வைத்தார்களா என்பது சந்தேகம். இலை, நார், கிழங்கு, பூ என்று வேறு பயன்கள் முதலில் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எங்கோ ஒரு செடியில் விதை குறைந்து சதை கூடிய பழம் வந்திருக்கும். அதை யாரோ ஒருவர் தின்று பார்த்துவிட்டு, அதன் பக்கக்கன்றைப் பெயர்த்து எடுத்துப் போயிருப்பார். விதையில்லாத செடியால் தானாகக் கடல் தாண்ட முடியாது. மனிதரின் படகில்தான் போயாக வேண்டும். ஒரு தீவின் வாழை இன்னொரு தீவின் வாழைக்குப் பக்கத்தில் நடப்பட்டபோது அவை கலந்தன. கலப்பில் பிறந்தவற்றில் மலட்டுத்தன்மை கூடியது.

இங்கேதான் குரோமோசோம் வருகிறது. காட்டு வாழைக்கு 22, அதாவது 11 கொண்ட இரண்டு தொகுதிகள். பாலணு உருவாகும்போது அவை பாதியாகப் பிரிய வேண்டும். சில சமயம் பிரியாமல் 22 முழுவதும் போய் இன்னொன்றின் 11 உடன் சேர்ந்துவிடுகிறது. மொத்தம் 33, மும்மடியம். வகுப்பில் இதற்கு நான் வரைபடம் போடுவதில்லை. பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, கை கோத்துக்கொண்டு நடங்கள் என்பேன். நடப்பார்கள். பிறகு மூன்றாவது வரிசையைச் சேர்த்து, இப்போதும் இரண்டிரண்டு பேராகக் கை கோருங்கள் என்பேன். ஒரே கூச்சல். ஜோடி சேர முடியாத குரோமோசோம்களால் ஒழுங்கான பாலணு உண்டாகாது, விதையும் உண்டாகாது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார், அது வேறு விஷயம்.

நம் சந்தையில் இருப்பவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாழை, ரொபஸ்டா இரண்டிலும் மூன்று தொகுதியும் அக்குமினேட்டா. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி ஆகியவற்றில் இரண்டு அக்குமினேட்டா, ஒன்று பால்பிசியானா. மொந்தனிலும் கற்பூரவள்ளியிலும் ஒன்றுக்கு இரண்டாகப் பால்பிசியானா. கன்னியாகுமரிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மட்டியில் இரண்டே தொகுதி, இரண்டும் அக்குமினேட்டா.

மற்ற கனிமரங்களின் கதையும் தூரத்தில் இல்லை. மாங்கொட்டையைப் போட்டால் மரம் வரும், ஆனால் நம் வகைகளில் பெரும்பாலும் தாய் மரத்தின் பழம் வராது, அதனால்தான் ஒட்டுக்கன்று. ஆப்பிளும் அப்படியே. அதன் முக்கியமான காட்டு மூதாதை கஜகஸ்தானின் தியான்ஷான் மலைக்காடுகளில் இன்றும் நிற்கிறது. அல்மாட்டி நகரைச் சுற்றிய அந்தக் காடுகளை 1929இல் ருஷ்ய விஞ்ஞானி வாவிலோவ் பார்த்துவிட்டு, ஆப்பிள் பிறந்த இடம் இதுதான் என்று கணித்தார். பின்னாளில் மரபணு ஆய்வு அதை உறுதி செய்தது. உலகப் பயிர்களின் விதைகளைத் திரட்டிய அந்த மனிதர் 1943இல் சிறையில் பசியால் நலிந்து இறந்தார். பாடப்புத்தகத்தில் அவர் பெயரைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று இதைச் சொல்லுங்கள்.

வாழைக்கு வருகிறேன். 'வாழையடி வாழையாக' என்று மணமக்களை வாழ்த்துகிறோம். உயிரியல்படி அந்த வாழ்த்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடிக்கன்று என்பது குழந்தை அல்ல, அதே செடி. ஒரு தோப்பு முழுக்க ஒரே செடிதான் ஆயிரம் இடத்தில் நிற்கிறது. ஒன்றை வீழ்த்தும் நோய் ஆயிரத்தையும் வீழ்த்தும். க்ரோ மிஷேல் என்ற வகைதான் ஒரு காலத்தில் உலக ஏற்றுமதி வாழை. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, பனாமா வாடல் நோயாக வந்து அந்தத் தோட்டங்களை அழித்தது. 1960களில் வணிகர்கள் கேவண்டிஷுக்கு மாறினார்கள். நம் ரொபஸ்டா அந்தக் கூட்டம்தான். இப்போது அதே பூஞ்சையின் புதிய வடிவம் கேவண்டிஷையும் தாக்குகிறது. 2019இல் கொலம்பியா வரை போய்விட்டது, நம் நாட்டில் பீகாரிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ரஸ்தாளி போட்டவர்களுக்கு வாடல் நோயின் பழைய வடிவமே போதும். பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். மருந்தடித்து ஒழிக்க முடியாது. சிறுமலையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்: அங்கே முடிக்கொத்து நோய், வைரஸ், பரப்புவது அசுவினி.

எதிர்ப்புத் திறனைத் தேடி விஞ்ஞானிகள் போவது எங்கே தெரியுமா? யாரும் தின்னாத, விதை நிறைந்த அந்தக் காட்டு வாழைகளிடம். திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நூற்றுக்கணக்கான வகைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வாய்ப்புள்ள பள்ளிகள் அனுமதி பெற்றுப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. மறு வருடம் அவர்கள் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு எந்த வகுப்பில் இந்தப் பாடம் வந்தாலும், முதலில் அவள் கேள்வியைச் சொல்லிவிட்டு, நான் சொன்ன தவறான பதிலையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த நொடியே, "அப்ப முதல் வாழை எப்படி சார் வந்துச்சு?" என்று ஒருவன் கேட்டுவிடுவான்.

சரி, கற்பூரவள்ளி. பக்கத்தில் காட்டு வாழையோ வளமான மகரந்தம் தரும் வேறு வாழையோ இருந்தால், இது மட்டும் எப்போதாவது பழைய ஞாபகத்தில் விதை பிடித்துவிடும். சாப்பிடும்போது சிலருக்குப் பல்லில் கடிபட்டிருக்கும். வரிசைக்கு இரண்டு பழமாக எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி இங்கே இருக்கிறது, குறுக்கே வெட்டுங்கள். யாருக்காவது விதை கிடைத்தால் கையைத் தூக்குங்கள். கொட்டாங்குச்சி கொண்டு வந்திருக்கிறேன்.