நீர்ப்பை நீங்கிய பின் வாழ்வு

நீர்ப்பையிற் புற்றுண்டாகி அதன் தசையினுள்ளும் புகுந்துவிடின், அப்பையையே அகற்றுவது வைத்தியர் கையாளும் முக்கிய சிகிச்சை. அங்ஙனம் உயிர் பிழைத்தவர் பின்னர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே இன்று நாம் ஆலோசிக்கும் விஷயம்.

1950-ஆம் ஆண்டில் யூஜீன் பிரிக்கர் என்னும் அமெரிக்க ரணசிகிச்சை நிபுணர், சிறுகுடலின் துண்டொன்றின் வழியாகச் சிறுநீரை வயிற்றின்மேல் அமைத்த துவாரத்திற்குக் கொணரும் முறையை விளக்கி எழுதினார். அத்துவாரத்தின்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ளவேண்டும். பிற்காலத்தில், ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்து ஸ்டூடர் முதலானோர், குடலாலேயே புதிய நீர்ப்பை அமைத்து இயற்கை வழியோடு இணைத்தனர்.

புதுப்பை தான் நிறைந்ததைப் பழையதுபோல உணர்த்தாது. ஆதலின் மணி பார்த்து நீர் கழித்தல் வேண்டும். இரவிற் கசிவதும் உண்டு. பி12 உயிர்ச்சத்துக் குறைகின்றதா, இரத்தத்தில் அமிலம் மிகுகின்றதா என்று அவ்வப்போது பரிசோதித்தலும் அவசியம். இவ்விரு முறைகளுள் எது அதிக சுகவாழ்வு தருமென்று ஆராய்ச்சியாளர் ஒருமுகமாய் முடிவு கூறவில்லை.

சரீரக் கஷ்டங்கள் பழக்கத்தாற் பெரும்பாலும் தணியும். வெட்கமோ தானே தணிவதன்று. கலியாணப் பந்திக்குச் செல்ல அஞ்சி வீட்டிலேயே அடைந்திருப்போர் உண்டு. செவ்வனே ஒட்டிய பையினின்று நாற்றம் வாராதென்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். தாம்பத்தியத்தில் நேரும் குறையை வைத்தியரிடமும் மறைப்பார் பலர். அதனால், கிடைக்கக்கூடிய சிகிச்சையும் கிடையாமற் போகின்றது.

ஆகவே, நம் கலியாண மண்டபங்கள்தோறும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் அமைப்போமாக. பந்தியில் அன்னாரை நம் அருகிலேயே அமர்த்துவோமாக. இந்நோய்க்குப் பெருங்காரணமான புகைபிடித்தலை நம் இளைஞர் அறவே விடுப்பாராக. வைத்தியர் காத்த உயிரை மனக்குறையின்றி வாழச் செய்வது உற்றாராகிய நம் கடமை.