திரும்பி வரும் மகனுக்கு நமது ஸஃப்பில் இடமுண்டா?

 



போதை ஹராம் என்பதை நிறுவுவதற்காக நான் இன்று உங்கள் முன் வரவில்லை. ஸூரா அல்மாஇதாவில் அல்லாஹ் மதுவையும் சூதையும் தடைசெய்திருப்பதை மத்ரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். புத்தியை மயக்கும் எதுவாயினும், அது போத்தலில் வந்தாலும் தூளாக வந்தாலும் ஐஸ் என்ற பெயரில் வந்தாலும் மாத்திரையாக வந்தாலும், அத்தடைக்குள் அடங்கும் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இன்றைய உரையின் கேள்வி வேறு. அந்த ஹராமில் விழுந்த ஒருவர் எழ விரும்பி, சிகிச்சை நிலையத்திற்குச் சென்று, குணமடைந்து ஊர் திரும்பும்போது நாம் அவரை எப்படி வரவேற்கிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன், நான் இமாமாகக் கடமையாற்றிய ஒரு மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. குரலை உயர்த்திப் பேசினால் மக்கள் திருந்திவிடுவார்கள் என்று நம்பிய வயது. ஒரு ஜும்ஆவில் போதைப் பாவனை பற்றி பயான் செய்தேன். போதைக்கு அடிமையானவனை வீட்டிலும் வைத்திருக்காதீர்கள், பள்ளிவாசலிலும் சேர்க்காதீர்கள் என்று முழங்கினேன். தொழுகை முடிந்ததும் பலர் கைலாகு கொடுத்துப் பாராட்டினார்கள்.

அன்றிரவு இஷாவுக்குப் பின்னர் ஒரு தந்தை என் அறைக்கு வந்தார். துணிக்கடை வைத்திருப்பவர், முதல் ஸஃப்பில் தொழுபவர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அவரது மகன் கட்டாரில் தொழில் செய்வதாகவே ஊரில் அனைவரும் எண்ணியிருந்தோம்.

"ஹஸ்ரத், மகன் கட்டாரில் இல்லை. தூள் பாவித்ததால் சிகிச்சை நிலையத்தில் விட்டிருந்தோம். நாளை வீட்டுக்கு வருகிறான். நீங்கள் இன்று சொன்னபடி பார்த்தால் அவனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை.

மகன் வந்தார். ஊரார் அவரைச் சும்மா விடவில்லை. கட்டாரில் என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது மீண்டும் பயணம் என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். வாப்பா சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற மகன் நாளொன்றுக்குப் பத்துப் பொய் சொல்ல நேர்ந்தது. பின்னர் எப்படியோ உண்மை கசிந்தது. ஒரு மஃரிபில் அவர் வந்து ஸஃப்பில் நின்றபோது, பக்கத்தில் நின்றவர் குனிந்து, தரையில் வைத்திருந்த தமது கைத்தொலைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த இளைஞர் அதைக் கண்டார். நானும் கண்டேன்.

மூன்று வாரங்களில் அவர் பள்ளிக்கு வருவது நின்றது. பழைய கூட்டாளிகளிடம் சென்றுவிட்டார். அவர்களிடம் மட்டும்தான் அவருக்குப் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. மீண்டும் தூள் அவரைப் பிடித்துக்கொண்டது.

நேயர்களே! அந்நாட்களில்தான் நான் மாணவப் பருவத்தில் மனனமிட்டிருந்த ஒரு ஹதீஸ் எனக்கு உண்மையாக விளங்கியது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவான சம்பவம் அது. முன்சென்ற சமூகத்தில் தொண்ணூற்றொன்பது உயிர்களைக் கொன்ற ஒருவன், தனக்குத் தௌபா உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டான். துறவி இல்லை என்றார். அவன் அவரையும் கொன்று எண்ணிக்கையை நூறாக்கினான். பின்னர் ஓர் அறிஞரிடம் சென்றான். அந்த அறிஞர் தௌபாவின் வாசலை யாரும் அடைக்க முடியாது என்றார். அத்துடன் நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அதை விட்டு அல்லாஹ்வை வணங்கும் நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போ என்று வழியும் காட்டினார். அவன் புறப்பட்டுப் பாதி வழியில் மரணித்தான். அளந்து பார்க்கப்பட்டபோது நல்லூருக்கே நெருக்கமாக இருந்ததால் மன்னிக்கப்பட்டான்.

இதில் இரண்டு ஆலோசகர்கள் வருகிறார்கள். முதலாமவர் வணக்கசாலி, ஆனால் வாசலை அடைத்தார். இரண்டாமவர் அறிஞர், வாசலைத் திறந்ததோடு சூழலையும் மாற்றச் சொன்னார். அன்றைய ஜும்ஆவில் நான் எந்த ஆலோசகராக நின்றேன் என்பதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

சிகிச்சை நிலையம் என்பது அந்த அறிஞர் காட்டிய பயணத்தைப் போன்றது. சில வாரங்களோ மாதங்களோ பழைய தெருவையும் பழைய கூட்டாளியையும் விட்டு விலகியிருக்கும் இடம். ஆனால் பயணம் முடிந்து அவர் வந்து சேர நல்லூர் ஒன்று வேண்டுமல்லவா? அந்த நல்லூராக அமைய வேண்டியது நமது வீடும் நமது மஹல்லாவும்தான்.

அன்பின் பெற்றோர்களே! பலர் என்னிடம் வந்து, மகனுக்குத் தண்ணீர் ஓதித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். ஓதுவதும் துஆச் செய்வதும் நல்லவையே. ஆனால் நீரிழிவுக்கு ஓதிப் பார்ப்பவர் இன்சுலினை நிறுத்திவிடுவதில்லையே! ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான், மருந்து செய்யுங்கள் என்று போதித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். போதைக்கு அடிமையாவதை உலக சுகாதார ஸ்தாபனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதல் தடவை பாவித்தது அவனது பாவம். நாளடைவில் மூளையே அதற்குப் பழகி, விட நினைத்தாலும் விட முடியாமல் போவது நோய். பாவத்துக்குத் தௌபா, நோய்க்குச் சிகிச்சை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

சிலர் மகனை அறையில் பூட்டி வைத்துக் குணப்படுத்த முயல்கின்றனர். இதில் பெரும் ஆபத்து உண்டு. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் வலிப்பும் சித்தம் கலங்கும் நிலையும் ஏற்பட்டு உயிரே போகக்கூடும். அவர் வைத்தியரின் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும். ஹெரோயின் பாவித்தவருக்கு ஒரு நாள் கழிவதற்குள் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், உடல் முறிக்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் தூக்கமின்மையும் சேர்ந்து இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடையும். ஒரு வாரமளவில் உடல் தணியும். ஐஸ் பாவித்தவருக்கோ கடும் மனச்சோர்வும் வீண் சந்தேகமும் தோன்றலாம். தற்கொலை எண்ணமும் வரலாம். இவற்றையெல்லாம் ஒரு தாய் தனியாகக் கதவுக்கு வெளியே நின்று சமாளிக்க முடியாது.

உடலிலிருந்து போதை இறங்குவது முதற்படி மட்டுமே. அதற்குப் பின்னரே உண்மையான வேலை ஆரம்பமாகிறது. எந்த நேரத்தில், யாரைக் கண்டால், எந்தக் கவலையில் மனம் போதையைத் தேடுகிறது என்பதை உளவளத்துணையாளர் அவருடன் அமர்ந்து கண்டறிவார். நேரத்துக்கு எழுவது, உண்பது, வேலை செய்வது, மனம் திறந்து பேசுவது என வாழ்க்கை மீண்டும் ஒழுங்காக்கப்படும். குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுவார்கள். அழைப்பு வந்தால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள்.

எங்கே செல்வது என்று கேட்கலாம். நமது நாட்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அதன் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளையும் நாடலாம். தனியார் நிலையமாயின், 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றதா, வைத்தியர் வருகிறாரா என்று விசாரித்த பின்னரே பிள்ளையை ஒப்படையுங்கள். அடித்துத் திருத்துவதாகக் கூறும் இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்யாணம் முடித்து வைத்தால் திருந்திவிடுவான் என்று கருதி, உண்மையை மறைத்துப் பெண் கேட்டுச் செல்லும் பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். உங்கள் மகனின் சிகிச்சைக்கு இன்னொருவரின் மகளை மருந்தாக்குவதா? அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும். மறுமையில் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சிகிச்சை பெற்றவர் மீண்டும் ஒரு தடவை தவறிவிட்டால் எல்லாம் வீண் என்று முடிவு கட்டாதீர்கள். இந்நோயில் மீண்டும் தவறுவோர் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் என்றும், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றிலும் நோய் திரும்புவது இதையொத்ததே என்றும் மருத்துவ ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தவறியதும் உடனே மீண்டும் சிகிச்சைக்குச் செல்வதே வழி. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சில வாரங்கள் ஹெரோயினை விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு பாவித்த அதே அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். நிலையத்திலிருந்து திரும்பிய முதல் வாரங்களில் அவரைத் தனிமைப்படுத்துவது எவ்வளவு பாரதூரமானது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்களது காலத்தில், மது அருந்தியதற்காகப் பல தடவை தண்டிக்கப்பட்ட ஒரு தோழர் இருந்தார். மீண்டும் அவர் கொண்டுவரப்பட்டபோது அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் சபிப்பதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தண்டனை நிறைவேறியது; குற்றம் குற்றமென்றே கூறப்பட்டது. ஆயினும் அந்த மனிதர் சபையிலிருந்து துரத்தப்படவில்லை. அவரது உள்ளத்தில் இருந்த நேசத்தை நபியவர்கள் அனைவர் முன்னிலையிலும் எடுத்துரைத்தார்கள். மதீனாவில் மதுத் தடை வந்தபோதும் மக்கள் சேர்ந்தே மதுவை வீதிகளில் கொட்டினார்கள். யாரும் தனியாக விடவில்லை.

அந்த இளைஞரின் கதைக்கு வருகிறேன். அவரது தந்தை இரண்டாம் தடவை அவரை நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன். இம்முறை கட்டார் கதை சொல்லப்படவில்லை. கேட்டவர்களிடம், மகனுக்குச் சுகமில்லை, சிகிச்சையில் இருக்கிறான், துஆச் செய்யுங்கள் என்று மட்டும் தந்தை கூறினார். அது பொய்யுமல்ல, மகனின் குறையைப் பறைசாற்றுவதுமல்ல. நானும் ஒரு ஜும்ஆவில், முன்னர் நான் பேசிய வார்த்தைகள் தவறு என்று மிம்பரில் நின்றே ஒப்புக்கொண்டேன். அன்று கைலாகு கொடுத்தவர்கள் குறைவு.

திரும்பி வந்தபோது அவரிடமே கேட்டேன், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று. "அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம்தான் கஷ்டம் ஹஸ்ரத். அந்நேரம்தான் முன்பு தேடிப் போவேன்" என்றார். நமது பள்ளியில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இருந்தார். அன்றிலிருந்து அஸர் தொழுததும் அவர் அந்த இளைஞரைக் கூட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குச் செல்வார். உபதேசம் செய்யமாட்டார். கிரிக்கெட் பற்றிப் பேசுவார். மஃரிப் அதானுக்கு இருவரும் சேர்ந்து வருவார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் இப்படி நடந்தது. மழை நாளிலும் அதிபர் குடையுடன் காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். என்னுடைய பயான்கள் செய்யாததை அந்தத் தேநீர் செய்தது. அல்ஹம்துலில்லாஹ், நான் அவ்வூரை விட்டு வரும்வரை அந்த இளைஞர் ஸஃப்பில் இருந்தார். எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டால், இன்றைய நாளைக் கேளுங்கள் ஹஸ்ரத் என்பார்.

இளைஞர்களே! உங்களில் எவரேனும் இவ்வலையில் சிக்கியிருந்தால், இன்று உங்கள் வாப்பாவிடமோ, உம்மாவிடமோ, நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, உங்கள் பள்ளி இமாமிடமோ வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதி வழியில் மரணித்தவனையும் மன்னித்த ரப்பு உங்கள் முதல் அடியையும் காண்கிறான். பெற்றோர்களே! அந்த வார்த்தை உங்கள் காதில் விழும்போது கை ஓங்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். ஜமாஅத்தினரே! திரும்பி வந்தவர் உங்கள் பக்கத்தில் நின்றால் தோளோடு தோள் சேருங்கள். தரையில் வைத்த தொலைபேசி அங்கேயே இருக்கட்டும்.

யா அல்லாஹ்! போதையில் சிக்கிய எங்கள் பிள்ளைகளுக்கு நீ பூரண சுகத்தைத் தந்தருள்வாயாக! அவர்களுக்காக இரவில் கண்ணீர் வடிக்கும் தாய்மாரின் கண்களைக் குளிரச் செய்வாயாக! அவர்கள் திரும்பி வரும்போது அவர்களைத் தாங்கும் நல்லூராக எங்கள் மஹல்லாக்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.