ஏழாவது காய்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குக் குடிவந்தவர்களை முதற் குளிர்காலத்தில் திகைக்க வைப்பது செங்கோட்டையும் அன்று, குதுப் மினாரும் அன்று; பொங்காத தோசை மாவுதான். நம் ஊரில் ஓரிரவில் பொங்கி வழியும் மாவு, மார்கழித் தில்லியில் மறுநாள் மாலையாகியும் வைத்தது வைத்தபடியே இருக்கும். பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி, அடுப்பின் அருகே வைத்துக் காவல் காக்க வேண்டும்.

1960-களின் இறுதியில், என் தந்தையார் காலமான பின்பு, என் தாயார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை விட்டு என்னுடன் வந்து தங்கினார். மாவைக்கூட அவர் மன்னித்துவிட்டார். மாதங்கள் முறை மாறிக் கிடந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஐப்பசியில் அடைமழை என்று வளர்ந்தவர் அவர். இங்கோ ஆடியிலும் ஆவணியிலும் கொட்டித் தீர்த்த வானம், ஐப்பசியில் துலக்கிக் கவிழ்த்த தாம்பாளம்போல் மின்னியது. “இது என்ன ஐப்பசியப்பா?” என்பார்.

மார்கழித் திருவாதிரை வந்தது. களிக்குக் குறைவில்லை, பச்சரிசியும் வெல்லமும் நெய்யும் எங்கும் உள்ளவை. ஏழுகறிக் கூட்டுக்குத்தான் இடர் நேர்ந்தது. பூசணி, கத்தரி, அவரை, சேம்பு எல்லாம் சந்தையில் இருந்தன. சர்க்கரைவள்ளியைத் தெருவோரத்தில் கரியடுப்பில் சுட்டே விற்றார்கள். கரோல்பாக்கில் வாழைக்காயும் அகப்பட்டது. ஆறாயிற்று. பச்சை மொச்சை மட்டும் இல்லை. மொச்சை இல்லாத கூட்டைக் கூட்டென்று அம்மா ஒப்பமாட்டார்.

எங்கள் மாடியின் மறுபாதியில் பஞ்சாபி அம்மையார் ஒருவர் குடியிருந்தார். பகல் வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மடி நிறையப் பட்டாணி உரிப்பார். பட்டாணி என்றால் அம்மாவுக்கு உலர்ந்த சுண்டற் பட்டாணிதான். பச்சைப் பட்டாணி சீமைக்காய். அம்மையார் ஒரு கைப்பிடி நீட்டினார். மறுக்க மொழி தெரியாததால் அம்மா வாங்கிக்கொண்டார். ஒன்றை வாயிலும் இட்டார். பறித்த சில மணி நேரத்திலேயே பட்டாணியின் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும். அந்நாளில் அது தில்லியை அடுத்த வயல்களிலிருந்து விடியலில் வந்து சேர்ந்தது. இன்று உறைய வைத்த பொட்டலத்தில் ஆண்டு முழுதும் கிடைக்கும் பட்டாணியைக் கொண்டு அச்சுவையை அளக்கலாகாது.

மறுநாள் கூட்டில் ஏழாவது காயாகப் பட்டாணி விழுந்தது. எவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

களியும் கூட்டும் அடுத்த வீட்டுக்குப் போயின. பாத்திரம் வெறுமையாய்த் திரும்பவில்லை. தில்லிக் குளிரில் மட்டும் வரும் செந்நிறக் காரட்டைத் துருவிப் பாலில் சுண்டக் காய்ச்சிய அல்வா அதில் இருந்தது. வெளியார் சமைத்ததை உண்ணாத அம்மா அதைத் தொடவில்லை. என்னைத் தின்னச் சொல்லிவிட்டு, நிறத்தை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மாடியில் உரையாடல் வளர்ந்தது. நான் மொழிபெயர்ப்பாளன். ஒருநாள் அம்மா, தம் ஊர்க் கொல்லையையும் மொச்சைப் பந்தலையும் சொல்லி முடித்து, “உங்கள் ஊர் எது?” என்று கேட்டார். இலாகூர் என்றார் அம்மையார். அங்கும் மாடி உண்டு, வெயில் உண்டு, பட்டாணியும் உண்டு என்றார். “அறுவடைக்கு ஒருமுறை போய்வரக் கூடாதோ?” என்றார் அம்மா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை. 1947-ல் நிகழ்ந்ததை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை.

அவர் தில்லியை உற்றுப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். புதுதில்லியை அமைத்தவர்கள் சாலைகளில் நட்ட மரங்களுள் வேம்பும் நாவலும் புளியும் உண்டு என்பதைப் பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்த நான் கவனித்ததே இல்லை. சித்திரையில் லோதி சாலை வேம்பின் கீழ் அம்மா பழம்புடைவையை விரித்து, உதிர்ந்த பூவை அள்ளிவந்தார். அந்த ஆண்டின் பச்சடி அதில்தான். வைகாசி அனலில் காலையில் பிழிந்த கூழ்வடாம் மாலைக்குள் கலகலவென்று காய்ந்தது. “நம் ஊரில் மூன்று நாளாகும்” என்று அவர் பெருமையோடு சொன்னபோது, பெருமை எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. மழை தொடங்கியதும் நாவற்பழம் வந்தது. அடுத்த குளிர்காலத்தில் செந்நிறக் காரட்டை அவரே துருவினார். ஏலக்காய் மட்டும் சற்று மிகுதி.

அந்தத் தை மாதம் ஊரிலிருந்து கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் வந்த உறவினர், ஒரு பை நிறையப் பச்சை மொச்சை கொணர்ந்தார். ஆவலோடு அவிழ்த்த அம்மா, பாதியைத் தனியே எடுத்து வைத்தார். மாலை நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, கயிற்றுக் கட்டிலின் இரு முனைகளிலும் இருவரும் அமர்ந்திருந்தார்கள். நடுவில் நீரில் ஊறிய மொச்சை. பருப்பைத் தோலினின்று பிதுக்குவது எப்படி என்று அம்மா காட்டிக்கொண்டிருந்தார். அம்மையார் பிதுக்கிய முதற் பருப்பு சுவரைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது.