காசைச் சோதிக்கும் யந்திரம்
(சுயமரியாதைக் கூட்டமொன்றில் ஒரு தோழர் பேசியதன் சுருக்கம்)



காசு போட்டால் சாமான் கொடுக்கும் யந்திரத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். மூடநம்பிக்கையைக் கண்டிக்க வந்தவன் யந்திரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய காசு யந்திரம் கோயிலுக்கென்று யோசிக்கப்பட்டதுதான்.

சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியாவில் ஹீரோன் என்று ஓர் அறிஞர் இருந்தார். காசு போட்டால் தானாகத் தீர்த்தம் கொடுக்கும் பாத்திரமொன்றை அவர் தம் நூலில் விவரித்திருக்கிறார். உள்ளே இருப்பது ஒரு துலாக்கோல். ஒரு முனையில் தட்டு. மறு முனையில் தண்ணீர்க் குழாயின் மூடி. காசு விழுந்தால் தட்டு தாழும், மூடி உயரும், தண்ணீர் வரும். சாய்ந்த தட்டிலிருந்து காசு வழுக்கி விழுந்ததும் மூடி அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்கும் பக்தனுக்கு இது ஆண்டவன் அருளாகத் தோன்றலாம். உள்ளே பார்த்தவனுக்கோ இது நம் தோட்டத்து ஏற்றத்தின் தம்பி! அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. கனத்தைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. அதே கனத்தில் ஈயத் துண்டைப் போட்டாலும் தீர்த்தம் கொடுத்துவிடும்.

1880-களில் லண்டனில் தபால் கார்டு விற்கும் காசு யந்திரங்கள் வந்தன. இத்தகைய யந்திரங்கள் பெருகப் பெருக, அவற்றை ஏமாற்றுவோரும் பெருகினார்கள். ஆகவே யந்திரத்துக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். துவாரத்தின் அளவு காசின் அகலத்தைக் கேட்கும். தராசு கனத்தைக் கேட்கும். காந்தம் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். இக்காலத்து யந்திரத்திலோ காசு மின்சாரம் ஓடும் கம்பிச் சுருள்களைக் கடந்து போகவேண்டும். உலோகத்துக்கும் அளவுக்கும் தக்கபடி அம்மின்சாரம் மாறும். அம்மாறுதல் முன்னமே குறித்து வைத்த அளவோடு பொருந்தினால் கதவு திறக்கும். பொருந்தாவிட்டால் காசு வெளியே வந்துவிடும். சர்க்கார் புதுக் காசு அடித்தால் அளவையும் மாற்றி வைக்கிறார்கள். முன்னோர் வைத்த அளவை மாற்றுவது பாவம் என்று எந்த யந்திரக்காரனும் அழுவதில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். போட்டவன் எந்த ஜாதி, எந்தக் குலம் என்று யந்திரம் கேட்பதில்லை. போட்டது நல்ல காசா என்று மட்டுமே கேட்கிறது. நம் மக்களோ சொல்லப்பட்டது மெய்யா என்று கேட்பதில்லை; சொன்னவன் யார் என்றுதான் கேட்கிறார்கள். சாஸ்திரம் என்றாலும், பெரியவர் வாக்கு என்றாலும், ஊரார் நம்புகிறார்கள் என்றாலும், கனத்தைக் கண்டு தட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள். ஹீரோனின் பாத்திரமாவது தண்ணீரைத்தான் இழந்தது. இவர்கள் மானத்தையும் பொருளையும் அல்லவா இழக்கிறார்கள்?

தோழர்களே! மூளையில்லாத இரும்புப் பெட்டியே சோதித்துப் பார்த்து ஏற்கிறது. மூளையுள்ள மனிதன் சோதிக்காமல் விழுங்கலாமா? நான் சொன்னதையும் சோதித்துப் பாருங்கள். செல்லாவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.