பாரசீகப் பேரரசுகளும் உழைக்கும் மக்களும்



1971 அக்டோபரில் ஈரான் மன்னர் முகமது ரெசா பஹ்லவி, பாரசீகப் பேரரசின் 2500ஆம் ஆண்டு விழாவைப் பெர்சபோலிஸ் இடிபாடுகளின் அருகே நடத்தினார். விருந்துக்குப் பாரிசிலிருந்து சமையற்கலைஞர்கள் வந்தனர். சைரசின் வாரிசாகத் தம்மை நிலைநாட்டுவதே மன்னரின் நோக்கம். மன்னர்களின் வரிசையே வரலாறு என்பது ஆளும் வர்க்கத்தின் பார்வை.

ஆனால், அதே பெர்சபோலிஸ் வேறொரு வரலாற்றையும் கூறுகிறது. அங்கு 1933இல் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகள், முதலாம் டேரியஸ் காலத்து நிர்வாகக் கணக்குகள். பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குழுக்களுக்கு அளந்து கொடுக்கப்பட்ட தானியம் அவற்றில் பதிவாகியுள்ளது. மகவு ஈன்ற பெண்களுக்குக் கூடுதல் பங்கு உண்டு. ஆயினும் ஆண் குழந்தை பெற்றவருக்கு, பெண் குழந்தை பெற்றவரைவிட இரு மடங்கு! பேரரசின் தூண்களைத் தாங்கிய உழைப்பும், அதனுள் இருந்த ஏற்றத்தாழ்வும் அக்களிமண்ணில் நிற்கின்றன.

கி.மு. 330இல் அலெக்சாண்டரால் அந்த அரசு வீழ்ந்தது. பின்னர் பார்த்தியர் ஆண்டனர், கி.பி. 224இல் சாசானியர் வந்தனர். சாசானிய மன்னர் முதலாம் கவாத் காலத்தில், செல்வம் அனைவருக்கும் பொதுவாக வேண்டும் என முழங்கினார் மஸ்தக். பிரபுக்களை ஒடுக்குவதற்குக் கவாத் அவ்வியக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அவர் மகன் குஸ்ரு அதனைக் குருதியில் மூழ்கடித்தார். குஸ்ருவுக்கு ‘நீதிமான்’ என்ற பட்டம் கிடைத்தது. மஸ்தக்கின் கதையோ பெரும்பாலும் பகைவர் எழுத்தில்தான் எஞ்சியது.

அரபுப் படையெடுப்பால் சாசானியர் மறைந்த பிறகும் பல மரபுகள் வந்து போயின. நவீன காலத்தில் மக்கள் நேரடியாகக் களம் இறங்கினர். புகையிலை வாணிகம் முழுவதையும் ஆங்கிலேயர் ஒருவருக்கு வழங்கிய கஜார் மன்னர், மக்கள் புறக்கணிப்பால் 1892இல் அதனை ரத்து செய்தார். 1906இல் அரசியல் சட்டம் வென்றெடுக்கப்பட்டது. 1951இல் எண்ணெய் வளம் நாட்டுடைமையாயிற்று. 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஏகாதிபத்தியங்கள் சதி செய்து பிரதமர் மொசாதேக்கை வீழ்த்தி, மன்னரின் அதிகாரத்தை மீட்டுக் கொடுத்தன.

அம்மன்னரின் ஆட்சியை முடக்கியது 1978இல் எண்ணெய்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம். 1979 பிப்ரவரியில் முடியாட்சி சரிந்தது. விழா நடந்து எட்டாண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால், அதிகாரம் தொழிலாளர் கைக்கு வரவில்லை. ஆலைகளில் தோன்றிய தொழிலாளர் மன்றங்களையும் இடதுசாரிகளையும் மதகுருமார் ஆட்சி நசுக்கியது.

கவாத் காலம் முதல் 1979 வரை பாடம் ஒன்றே: மக்களின் எழுச்சி அரியணைகளைச் சாய்க்கும், உழைக்கும் வர்க்கம் தன் சொந்த அமைப்பின் வலிமையோடு நிற்காவிடில், அதன் பலனைப் பிறர் கவர்ந்துகொள்வர்.